மன்றத்துக்குப் பதில் எழுதிய ஹட்சன் குவாய்மனி அவர்களுக்கு, மீன் சந்தையிலிருந்து

அருகே வாருங்கள். பாய் நீளமானது, கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் எல்லோருக்கும் இடம் உண்டு. வாயில் பாக்கு இருப்பவர்கள் மென்றுகொண்டே இருக்கலாம், குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் செல்லங்களே, நீங்களும் வெளியே வாருங்கள்; இது உங்கள் கதையும்தான். பணி ஓய்வு பெறும் பெரியவர் ஒருவருக்குப் பாராட்டு மடல் வாசிக்கப்போகிறோம். பாராட்டுத்தானே என்று கொட்டாவி விட வேண்டாம். இதில் ஒரு பன்றி வருகிறது, ஒரு சிறுமி வருகிறாள், மேசை தட்டும் ஓசை வருகிறது, சிப்பிச் சரம் வருகிறது. எல்லாம் இந்தத் துறைமுகத்தில் நடந்தவை. இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்.

தலவோ மாகாண அரசின் செயலகத்தில், மன்ற உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு அமைச்சர்களின் பெயரால் மறுமொழி வரையும் பணியை, முப்பத்திரண்டு ஆண்டுகள் முகம் சுளிக்காமலும் முறை தவறாமலும் ஆற்றி, இன்று ஓய்வு பெறும் உயர்திரு ஹட்சன் குவாய்மனி அவர்களே! உடன் உழைத்த ஊழியர்களாகிய நாங்கள், உள்ளத்தில் அன்பும் அடிநாக்கில் கசப்புமாக உங்கள்முன் நிற்கிறோம்.

சொல்லை அளந்து தந்த செம்மலே! சோர்வை அறியாத தோன்றலே! அமைச்சர்கள் அறுவரின் நாவாக இருந்தும் அவர்களில் எவருடைய நிழலிலும் நின்று இளைப்பாறாத அண்ணலே! வணக்கம்.

இந்த விழா நடந்திருக்க வேண்டிய இடம் செயலக மண்டபம். கேட்டுப் பார்த்தோம். மண்டபத்தில் வண்ணப்பூச்சு நடப்பதாகப் பதில் வந்தது. பொய்யில்லை, ஒரு டப்பாவைத் திறந்து வாசலில் வைத்திருக்கிறார்கள். பதிலைப் படித்ததும் உங்கள் கை வரைந்த பாணி அதில் பளிச்சென்று தெரிந்தது. உங்களிடம் கற்றவர்கள் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். ஆகவே, மண்டபம் மறுத்த மரியாதையை மீன் சந்தை தருகிறது. மேசைகளைக் கழுவிவிட்டோம், வாடை மட்டும் போகவில்லை, பொறுத்தருள்க.

தலைநகர் ஹொனியாராவிலிருந்து கப்பல் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்றிருந்த அந்தக் காலத்தில், ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு குடையோடும் இந்தத் துறையில் வந்து இறங்கினீர்கள். குடை அன்றே உடைந்திருந்தது. இன்றும் அதே குடைதான். தட்டச்சுப் பொறி இருந்தபோது தட்டச்சில் தேர்ந்தீர்கள், கணினி வந்தபோது கணினியில் தேர்ந்தீர்கள், மின்சாரம் போனபோது பேனாவை எடுத்துக்கொண்டு சன்னலோரம் நகர்ந்தீர்கள். பாக்குப் பையைத் திறந்தால் பக்கத்து மேசைக்கு நீட்டாமல் உங்கள் வாயில் போட்டதில்லை. எங்கள் வீட்டுச் சாவுகளுக்கு முதலில் வந்தீர்கள். திருமணங்களில் கடைசியில் உண்டீர்கள். இவையெல்லாம் எங்களுக்குத் தெரிந்த ஹட்சன் குவாய்மனி. மன்றத்துக்குத் தெரிந்தவர் வேறொருவர்.

வடக்குக் கடற்கரை மருத்துவ நிலையத்தில் தாதி இல்லாதது ஏன் என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். நிலையத்தின் கட்டடம் உறுதியாக உள்ளது, கூரை ஒழுகவில்லை என்று எழுதித் தந்தீர்கள். உண்மை, ஒழுகவில்லை. நோயாளிகளை ஏற்றிவரும் படகின் இயந்திரம் எங்கே என்று இன்னொருவர் கேட்டார். படகு கரையில் பத்திரமாக உள்ளது என்று எழுதினீர்கள். அதுவும் உண்மை, அதில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்குத் தண்ணீர் வருமா என்றார்கள். குழாய்கள் வந்து சேர்ந்துவிட்டன என்றீர்கள். குழாய்கள் வந்ததை நாங்களும் பார்த்தோம். பிள்ளைகள் அதில் வாயை வைத்துப் பேசி விளையாடினார்கள்.

பொய் எழுதாத கை என்று உங்களுக்குப் பெயர். அது புகழ் என்றே நீங்களும் நினைத்தீர்கள், நாங்களும் நினைத்தோம். நீங்கள் எழுதியதை எங்களில் ஒருவர் தட்டச்சு செய்தார், ஒருவர் படி எடுத்தார், ஒருவர் உறையிலிட்டு அமைச்சரின் மேசைக்குக் கொண்டுபோனார். தேநீர் வேளையில் கெட்டி பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டே, இந்த வாரப் பதிலில் எது அழகு என்று பேசிச் சிரித்தோம். எங்கள் வேலை நிலைத்தது. அமைச்சர்களின் நாற்காலி நிலைத்தது. தாதி வரவில்லை.

இனிக் கதைக்கு வருவோம்.

நம் மன்றத்தின் ஒரே பெண் உறுப்பினர் டோர்கஸ் இரோபாலு அம்மையார். இதோ, ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியையாக இருந்தவர், கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை உட்காராமல் நிற்கும் பழக்கம் அவருக்கு அதிலிருந்து வந்தது. அவர் மன்றத்தில் கேட்டது இதுதான். சந்தை மேசைகளுக்கு அடியில் இரவில் பிள்ளைகள் படுத்துறங்குகிறார்கள். துறைமுகத்தை ஒட்டி அரசின் பயணியர் விடுதி பூட்டிக் கிடக்கிறது. அதை அவர்களுக்குத் திறந்துவிட அரசு முன்வருமா?

அந்தக் கேள்விக்கு நீங்கள் வரைந்த மறுமொழியை இந்தத் தீவில் மறந்தவர் இல்லை. நம் மண்ணில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குடிவழி உண்டு, ஒவ்வொரு குடிவழிக்கும் நிலம் உண்டு, ஆகவே வீடற்ற பிள்ளை என்று ஒருவர் இம்மாகாணத்தில் இருக்க இயலாது. அமைச்சர் பென்ரோஸ் லாவுசி, வழக்கம்போல முன்கூட்டிப் படித்துப் பாராமல், விரலை ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வைத்து வாசித்தார். வாசித்து முடித்தபோது அவருக்கே கண் கலங்கியது. ஆளும் தரப்பும் மேசையைத் தட்டியது, எதிர்த் தரப்பும் தட்டியது. யார்தான் தட்டமாட்டார்? நம் குடிவழியையும் நிலத்தையும் ஒருவர் புகழும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நமக்குத் தெரியாது.

அமைச்சர் அதோடு நின்றிருக்கலாம். தட்டல் தந்த தெம்பில், தாளில் இல்லாததைப் பேசினார். "அப்படி ஒரு பிள்ளை இருந்தா பேரைச் சொல்லுங்கம்மா. நானே தூக்கிட்டுப் போய் வளர்க்கிறேன்."

சிரிப்பு அடங்கும்வரை அம்மையார் நின்றார். பிறகு பெயரைச் சொன்னார். நெஸ்தா, அபுலா குடிவழியில் ஜோசியாவின் மகள்.

அங்கேதான் அவர் இடறினார். வேறு ஊரில் பிறந்தவராக இருந்தால் நெஸ்தா என்று மட்டும் சொல்லி உட்கார்ந்திருப்பார். நம் நாக்கு அப்படிப் பழகவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் அதன் வழியையும் சேர்த்துச் சொன்னால்தான் நமக்குச் சொன்னதாக ஆகும். மன்ற நடவடிக்கையை வானொலி அப்படியே ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்தில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த அபுலா குடியினர், தங்கள் வழியின் பெயரையும் வீடற்றவள் என்ற சொல்லையும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

மறுநாள் காலையில் படகுகளில் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் சிமியோன் அபுலா, இறந்துபோன ஜோசியாவின் அண்ணன். நெஸ்தாவின் தகப்பன் மரம் வெட்டும் முகாமில் மாண்டபோது வராதவர், அவள் தாய் வேறு தீவுக்குப் போனபோது வராதவர், இப்போது வந்தார். மன்றத்துப் புல்வெளியில் நின்று அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. "எங்க வழிக்கு நிலமில்லன்னு ரேடியோவுல சொல்லிட்டீங்க. இனி எங்க வீட்டுப் பொண்ணுங்களை எவன் கட்டுவான்?"

அவமதித்தவர் ஈடு கொடுக்க வேண்டும்; ஈட்டுக்கும் பெண் எடுக்கவும் நம் பணம் சிப்பிச் சரமும் பன்றியும்தான். டோர்கஸ் அம்மையார் கொடுத்தார். தம் தாய்வீட்டுச் சிப்பிச் சரங்களையும், கிறிஸ்துமஸுக்கு வளர்த்த பன்றியையும் அதே புல்வெளியில் வைத்தார். அமைச்சர் லாவுசி இரு தரப்புக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசினார். அவரைவிடச் சிறப்பாக அதை எவரும் பேசியிருக்க முடியாது. கற்களைச் சூடாக்கிப் பன்றியைச் சுட்டார்கள். அம்மையார் ஒன்றே ஒன்று கேட்டார். "வாங்கிக்கிட்டீங்க, சரி. போறப்ப பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்கண்ணே."

"அவமானம் கழிஞ்சுபோச்சு தங்கச்சி," என்றார் சிமியோன். "பேச்சு அதைப் பத்தித்தானே?"

அப்போதுதான் நெஸ்தா வந்தாள். பால்பல் விழுந்த இடைவெளி இன்னும் நிரம்பாத வயது. பெரியவர்களின் வழக்கு எதுவும் அவளுக்குத் தெரியாது; மணம் பிடித்து வந்தாள். வரிசையில் கடைசியாக, இலைத்தட்டோடு நின்றவர் நீங்கள். உங்கள் முழங்கையைத் தொட்டு, "மாமா, யாருக்கு விருந்து?" என்றாள்.

பக்கத்தில் நின்ற யாரோ, சிரிப்புக்காகவோ சங்கடத்துக்காகவோ, "உனக்காகத்தான்டி," என்றார்.

"அப்ப எனக்கு ஈரல் குடுங்க," என்றாள் அவள். "யார் பேருக்கு விருந்தோ அவங்களுக்குத்தானே ஈரல்?"

ஈரல் ஏற்கெனவே அமைச்சரின் தட்டுக்குப் போயிருந்தது. உங்கள் தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு, மழை இல்லாத வெயிலில் நடந்து போனீர்கள். நெஸ்தா தின்றாள். அபுலா குடியினர் மாலைக்குள் படகேறினார்கள். இரவில் அவள் இதோ இந்த மூன்றாவது மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் அம்மையார் மறுபடியும் கேட்டார். நீங்கள் மறுபடியும் எழுதினீர்கள். உறுப்பினர் குறிப்பிட்ட விவகாரம் வழக்கப்படி, இரு தரப்பும் மனம் நிறையும் வண்ணம் தீர்த்துவைக்கப்பட்டது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தட்டச்சு செய்தவள், அழகாக இருக்கிறது அண்ணே என்றாள். நீங்கள் அவளைப் பார்த்த பார்வையை இன்றும் அவள் மறக்கவில்லை. பாராட்டைக் கேட்டு ஒரு மனிதர் அடிபட்டதுபோல் ஆவதை நாங்கள் அன்றுதான் கண்டோம்.

அதன்பின் நடந்ததற்காகத்தான் இந்த மடல். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பொதுவாக எதையாவது எழுதிச் சட்டமிட்டுக் கொடுத்திருப்போம். ஒரே ஒரு சனிக்கிழமைக் காலைக்காக இதை எழுதுகிறோம்.

சந்தை நிரம்பியிருந்த நேரம். உங்கள் வீட்டுச் சிப்பிச் சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, செயலகத்துக்கு வரும் அதே வெள்ளைச் சட்டையில் வந்தீர்கள். உங்கள் மகனின் திருமணத்துக்காக எடுத்து வைத்திருந்த சரம் அது என்று உங்கள் மனைவி பின்னால் வந்து எங்களிடம் சொன்னார், திட்டவில்லை, சொன்னார். மூன்றாவது மேசையின் முன் நின்றீர்கள். ஈடு கொடுப்பவன் தன் தவற்றைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும். சொன்னீர்கள். "இந்தப் பிள்ளைக்கு வீடு இருக்குன்னு எழுதினது நான். பொய்யே இல்லாம எழுதினேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

பேரம் நின்றது. தராசுகள் நின்றன. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒன்று உறைத்தது. ஈட்டை யாரும் தனியாக வாங்க முடியாது. வாங்குபவர் பின்னால் அவருடைய ஆட்கள் நிற்க வேண்டும். நிற்க ஆள் இல்லாவிட்டால் கொடுத்தது கொடுத்ததாக ஆகாது. தவறு அப்படியே கிடக்கும். கிழங்கு விற்க வந்திருந்த சிமியோன் அபுலா கூட்டத்தில் இருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நெஸ்தாவின் பின்னால் வந்து நின்றால், அவள் வீடில்லாமல் இருந்ததை ஒப்புக்கொண்டவர் ஆவார். தின்ற பன்றியைத் திருப்பித் தர வேண்டிவரும். அவர் தம் கிழங்கு மூட்டையைக் கட்டத் தொடங்கினார். கட்டி முடிக்க வெகுநேரம் எடுத்தது அவருக்கு. ஆனால் கட்டி முடித்தார், போனார்.

நீங்கள் சரத்தை இரு கைகளிலும் ஏந்தியபடி நின்றீர்கள். நெஸ்தா உங்கள் முகத்தையும் தன் முதுகுப்புறத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முதுகுப்புறத்தில் ஐஸ் பெட்டியும் ஈக்களும்தான் இருந்தன.

முதலில் வந்தவள் மீன்காரி மேரிலின். கத்தியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையின் பின்னால் நின்றாள். டோர்கஸ் அம்மையார் வந்தார். பிறகு யாரும் வரவில்லை. இருவர் போதாது என்று எல்லோருக்கும் தெரியும். வேடிக்கை பார்க்க வந்த நாங்கள், கையில் பையும் வாயில் பாக்குமாக, ஒருவர் தோளுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டிருந்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறோம், ஐயா, பாராட்டு மடலில் எங்களைப் பற்றி நாங்களே பொய் எழுதிக்கொள்வது அழகில்லை. அன்பினால் நாங்கள் நகரவில்லை. ஏந்திய சரத்தை இறக்காமல் நீங்கள் நிற்பதைப் பார்க்க முடியாமல் நகர்ந்தோம். தட்டச்சு செய்தவள் நகர்ந்தாள், படி எடுத்தவர் நகர்ந்தார், உறையைச் சுமந்தவர் நகர்ந்தார். நெஸ்தாவின் பின்னால் ஒரு கூட்டம் ஆனது. சரம் அவள் கைக்கு வந்தது. கனம் தாங்காமல் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அது முழங்காலுக்குத் தொங்கியது. ஈடு வாங்கும்போது பின்னால் நின்றவர்கள் யாரோ அவர்களே அன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் ஆட்கள். அன்று மாலை, இவள் யார் வீட்டுக்கு வருகிறாள் என்ற பேச்சு, ஊழியர் குடியிருப்பில் நெடுநேரம் நடந்தது. கடைசியில் தட்டச்சு செய்யும் ருத்லின், தன் பிள்ளைகளின் பாயை அகலமாக விரித்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்த மடலைச் சர்க்கரைபோல் எழுதியிருப்போம்.

சென்ற கூட்டத்தில் அம்மையார் மறுபடியும் கேட்டார்: விடுதியின் பூட்டு எப்போது திறக்கும்? நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள். பதில் எழுதும் பொறுப்பு ருத்லினுக்கு வந்தது. தமக்கு என்ன பதில் வேண்டும் என்பதை அமைச்சர் சொல்லிவிட்டார். ருத்லினுக்குப் பிள்ளைகள் உண்டு, இப்போது ஒன்று கூடுதலாக உண்டு, வேலையும் வேண்டும். எழுதினாள். உறுப்பினர் குறிப்பிட்ட பிள்ளையை நம் மக்களே வழக்கப்படி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வீடற்ற பிள்ளை இம்மண்ணில் இருக்க இயலாது என்று இந்த அரசு முன்பே கூறியது இதனால் மெய்ப்பட்டது. அமைச்சர் விரல் வைத்து வாசித்தார். மேசைகள் அதிர்ந்தன. அம்மையார் எழுந்தார், நேரம் முடிந்தது என்றார் அவைத் தலைவர். ருத்லின் அன்று வீட்டுக்குப் போய், தூங்கும் நெஸ்தாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

ஆக, அரும்பெரும் அண்ணலே, உங்கள் வாழ்நாளின் நேர்மையான செயல் எதுவோ, அதையே உங்கள் பழைய வாக்கியத்துக்குச் சான்றாக்கிவிட்டார்கள். இதைவிடக் கொடிய ஓய்வுப் பரிசை எங்களால் கற்பனை செய்ய முடியவில்லை.

விடுதி பூட்டியே இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் மேசைக்கடியில் இருக்கிறார்கள். இப்போது வெளியே வந்து, பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நெஸ்தா போன வழியை அவர்கள் பார்த்தவர்கள். காலையில் நாங்கள் செயலகத்துக்குப் போகும் பாதையில் வந்து நின்று எங்கள் முகங்களைப் பார்க்கிறார்கள். போன வாரம் ஒருத்தி கேட்டே விட்டாள். "அத்தை, எங்களைப் பத்தித் தப்பா எழுதினது யாரு? அவங்களை எப்ப வரச் சொல்றீங்க?"

வழியனுப்பு விழாவில் பெரியவர் கழுத்தில் மாலை போடுவது மரபு. பூமாலை போட்டிருக்கிறோம். சிப்பிச் சரம் போடவில்லை, கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். எங்கள் வீடுகளில் இருக்கும் சரங்கள் எவை எவை என்று இப்போது ஒவ்வொருவரும் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். தட்டச்சு செய்த கைக்கு ஒன்று, படி எடுத்த கைக்கு ஒன்று, சுமந்து போன கைக்கு ஒன்று. சரத்தோடு முன்னால் யார் நிற்பது, பிள்ளைகளின் பின்னால் யார் நிற்பது என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. பின்னால் நிற்கச் சம்மதிப்பவர்கள் இன்று பாயைவிட்டு எழும்முன் மேரிலினிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.

ஓய்வு உங்களுக்கு ஒளி தருக. கால்கள் நடக்க, கண்கள் காண, பற்கள் பாக்கு மெல்ல, பல்லாண்டு வாழ்க. உங்கள் மகனின் திருமணத்துக்குச் சரம் குறைகிறது என்றால் கேளுங்கள்; குறையாமல் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். உடைந்த குடையை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள்.

சுடுகற்களை விலக்கிவிட்டார்கள், மணம் வருகிறது. பன்றி மேரிலின் கொடுத்தது. ஈரல் முதலில் பாயோரத்துப் பிள்ளைகளுக்கு. விருந்து யாருக்கு என்று இன்று எவரும் கேட்க வேண்டியதில்லை. கேட்டிருந்த நல்லவர்களே, உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் பெயர் எந்த மன்றத்திலும் கேள்வியாக எழாதிருக்கட்டும். எழுந்தால், அவர்களின் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நிற்கட்டும். உங்கள் வீட்டுப் பாய் அகலமாக விரியட்டும்.

இவண்,
எழுதிய கையோடு தட்டச்சு செய்தும், படி எடுத்தும், சுமந்தும் நின்ற
தலவோ மாகாணச் செயலக ஊழியர்கள்